கரி தின்னும் காளான்

— இன்னொரு பாட்டில் குடுன்னுதானே கேக்குறேன். அதுக்கு ஏன் பாப்பா உன் முகம் இப்படி வெளிறிப் போகுது?

— இன்னொண்ணுன்னா? முதல் பாட்டில் எப்படி உங்க கைக்கு வந்துச்சு அண்ணி?

— நேத்து இந்த ஆய்வுக்கூடத்துக்கு உனக்குச் சாப்பாடு கொண்டாந்தேன்ல, அப்ப இந்த ஜன்னலோரத்துல இருந்து எடுத்துப் பைக்குள்ள வச்சுக்கிட்டேன். திருட்டுன்னே வச்சுக்கோ. எனக்கா எடுத்தேன்? உங்க அண்ணனுக்கு எடுத்தேன்.

— அதுல இருந்தது மருந்து இல்ல அண்ணி.

— நீதானே காட்டுன? கல்லு மாதிரி கரித்துண்டு போட்டேன், காளான் அதைக் கரைச்சுக் கருப்புத் தண்ணியாக்கிருச்சுன்னு. அன்னைக்கு எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல பாப்பா. சுரங்கத்துல அவரு மூச்சுல இழுத்ததும் அந்தக் கரிதானே.

— அந்தக் கரி இல்ல. கொஞ்சம் கேளுங்க. இது பட்ட மரத்தை மக்க வைக்கிற காளான். அது கக்குற நொதிதான் கரியைக் கரைக்குது, அதுவும் இளசான பழுப்புக் கரியை மட்டும். அண்ணன் வெட்டுனது கெட்டிக் கரி, அதை இது சீண்டக்கூடச் சீண்டாது. நெஞ்சுக்குள்ள போனா கரியை விட்டுட்டு ஆளைத்தான் அரிக்கும்.

— ஆளைத்தான் கரி ஏற்கெனவே அரிச்சுருச்சே. மிச்சம் என்ன இருக்கு, சொல்லு. எலும்பும் இருமலும். படுத்தா மூச்சு முட்டுதுன்னு ரெண்டு வருஷமா நாற்காலியில உக்காந்தே தூங்குற மனுஷன். டாக்டரும் கைய விரிச்சுட்டாரு. உன் படிப்பு கூடப் பொறந்தவனுக்கு உதவாம வேற யாருக்கு உதவப் போகுது?

— அதை நினைக்காத நாளே இல்ல அண்ணி. அண்ணன் சம்பாத்தியத்துல கரியைப் பத்தியே படிச்சேன். அண்ணனுக்கு ஒரு துரும்பைக்கூட என்னால கிள்ளிப் போட முடியல. சரி, அதை விடுங்க. என்ன பண்ணீங்க? குடிக்கக் குடுத்தீங்களா? ஆவி பிடிக்க வச்சீங்களா?

— ஆவியா? சூடு பட்டா அது செத்துரும்னு நீதானே சொன்ன. நான் என்ன அவ்வளவு கூறு கெட்டவளா? துணியைத்தான் நனைச்சேன்.

— எந்தத் துணிய?

— துண்டு ஒண்ணை. நாலா மடிச்சு, மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டிவிட்டேன். மூச்சோட மூச்சா உள்ள போகட்டும்னு. முதல்ல கையால தட்டித் தட்டி விட்டாரு. மருந்துன்னாலே அவருக்கு அடம்தானே. கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல அடங்கிட்டாரு.

— அண்ணி.

— நீ ஏன் அழுற? குணமாயிருச்சு பாப்பா. திரும்ப வந்துரக் கூடாதுன்னுதான் இன்னொரு பாட்டில் கேட்டேன். இருமலே இல்ல. தூக்கிக் கட்டில்ல படுக்க வச்சேன், ஒரு முனகல் இல்ல. மல்லாக்கப் படுத்துத் தூங்குறாரு.

— கிளம்புங்க அண்ணி, வீட்டுக்குப் போகலாம். இப்பவே.

— வா, வந்து உன் கண்ணால பாரு. காய்ச்சல்கூட விட்டுருச்சு. வரும்போது நெத்தியைத் தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு.