ஹாமர்ஃபெஸ்டில் இறங்க வேண்டியவர்கள்

— ரக்னாவை எழுப்புவேன். ஓட்ஸ் கஞ்சி வைப்பேன். அது ஆறுறதுக்குள்ள பல்லு தேய்ச்சு விடுவேன். கம்பளி உள்ளாடை, மேல பனி உடுப்பு, பூட்ஸ். நர்சரியில விட்டுட்டு வேலைக்குப் போவேன். அவ்வளவுதான், யோருன் அக்கா.

— அவ்வளவுதானாம்! கேளேன் ஸ்டூர்லா, இப்ப கோடை. எல்லாம் ஓடும். நவம்பர்ல சூரியன் போனா ஜனவரி வரைக்கும் எட்டிப் பாக்காது. போட்ஸ்ஃபியூர்ல நீயும் பிள்ளையும் தனியா. அப்பத் தெரியும்.

— தெரியும்.

— பெரியம்மா, இந்த ரொட்டி வேண்டாம்.

— ஏண்டி ரக்னா கண்ணு? பழுப்புச் சீஸ்தானே? உங்கம்மா இதுக்கு உயிரையே... சரி, சாப்பிடு.

— இங்க கொடுங்க அக்கா. சீஸ் மேல ஜாம் வச்சாத்தான் தின்பா.

— நாலு மாசத்துல நல்லாத்தான் கத்துக்கிட்டே. நீயும் எடு. எதுக்கு அந்த ஏர்போர்ட் காபிக் கவுண்டரையே பாக்கறே? காபி வாங்கியிருக்கோம்ல, வீட்டு ரொட்டியைத் தின்னா யாரும் விரட்ட மாட்டாங்க.

— பசியில்ல.

— அப்பா, நான் விமானம் பாக்கப் போறேன்.

— கண்ணாடி வரைக்கும்தான். அதைத் தாண்டக் கூடாது.

— போயிட்டா. இப்பக் கேளேன். எங்க ஊர் ஹாமர்ஃபெஸ்ட்ல விமானம் கொஞ்ச நேரம் நிக்கும். நான் இறங்கறப்ப அவளும் என்கூட இறங்கட்டும். நீ அப்படியே உக்காந்து போட்ஸ்ஃபியூர் போ. புது வேலை, கால் ஊணு. அவ என் பிள்ளைங்களோட வளரட்டும். மாடியில கட்டில்கூடப் போட்டாச்சு.

— கட்டிலை எடுத்துடுங்க.

— பேச்சைப் பாரு! நீ ஒரு சொட்டு அழுதிருந்தாலாவது நம்புவேன். என் தங்கச்சி சுன்னிவா அடக்கத்தன்னைக்கு மரக்கட்டை மாதிரி நின்னே. ஊரே பாத்துச்சு.

— அழுகை வரல. பிள்ளை என்கூடத்தான் வருவா.

— பிடிவாதம் பிள்ளை வளக்குமா? வளத்தது என் தங்கச்சி. சாயங்காலம் எப்ப ஃபோன் பண்ணாலும் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கிட்டு இருப்பா.

— ஆமா. குளிப்பாட்டறது அவதான்.

— காலையிலயும் அவதான்! அன்னைக்கும் அவதானே கூட்டிட்டுப் போனா? பிள்ளையை நர்சரியில விட்டுட்டுத் திரும்பறப்பதானே பாலத்துல வண்டி வழுக்குச்சு? நீ எங்க இருந்தே? போர்வைக்குள்ள.

— ஆமா. போர்வைக்குள்ள.

— மறுக்கக்கூட மாட்டேங்கறானே! சரி, சுன்னிவா இப்ப இருந்தா என்ன சொல்லுவா? அதையாவது யோசி.

— தெரியாது. அவ சொல்லாததை நான் சொல்ல மாட்டேன்.

— சொன்னதைச் சொல்லேன். கடைசியா என்ன சொன்னா? என்கிட்ட நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்ல.

— பெருசா ஒண்ணுமில்ல அக்கா.

— பெருசோ சின்னதோ, என் கூடப்பிறந்தவ பேச்சு. விமானத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க, வரிசை நகருது. அவளைத் தூக்கிக்கிட்டு நீ நடக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்.

— ரக்னாவுக்கு பூட்ஸ் மாட்டிக்கிட்டே சொன்னா. "தினமும் காலையில நீதானே எழுந்திருக்கறே, இன்னைக்கு ஒரு நாளாவது தூங்கு. நர்சரிக்கு எந்த வாசல் வழியாப் போகணும்னு மட்டும் சொல்லிடு."