அங்காளம்மன் என்ற இரண்டு படகுகள்

மதியத்தில் நான் வேலை செய்வதில்லை, ஐயா. மரக்காணத்து வெயிலுக்கு உப்பளத்துக்காரர்களே பாத்தியை விட்டுக் கரையேறிவிடுவார்கள். அன்று மட்டும் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் குப்பத்து மீனவர் சங்கத்துக்கு ஆப் செய்து கொடுத்தவன் நான். கடலில் ஆபத்து என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். செய்தி சர்வருக்குப் போய், கரையிலுள்ள படகுக்காரர்கள் போனில் மணி அடிக்கும். இதைக்கூடக் கெடுத்துவிட்டார்கள். படகுக்குக் குலதெய்வத்தின் பெயர்தான் வைப்பார்களாம். மாயவன் படகும் அங்காளம்மன், அவர் தம்பி பக்கிரியின் படகும் அங்காளம்மன். என் சர்வருக்கு ஒரு பெயருக்கு ஒரு படகுதான் தெரியும். எந்த அங்காளம்மன் என்று புரியாமல் ஒவ்வொரு முறையும் பிழை காட்டியது.

"ஏம்பா, படிச்சவன்தானே நீ? உன் ஆப்பு ஒர்க் ஆவலியே" என்று சங்கத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார் மாயவன். சிரித்தார்கள். படகின் பெயரை மாற்றச் சொன்னேன்.

"சாமி பேர எவனாவது மாத்துவானா?"

சரி என்று ஆப்பின் திரையை மட்டும் மாற்றினேன். சர்வரின் பதிலுக்குக் காத்திராமல், அழுத்தியவுடனே பச்சை டிக் வரும்படி செய்தேன். அவர்களுக்குப் பச்சை போதும். கரையில் மணி அடித்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

முதலில் சொன்னேனே, அந்த மதியம் காற்று மாறியது. என் திரையில் அங்காளம்மன் பிழை வந்தது, மறுபடியும் வந்தது. மாயவன் மனைவி தெய்வநாயகி ஓடிவந்தார்.

"தம்பி, அவரு போன் பண்ணாரு, படகுல தண்ணி ஏறுதாம். பட்டன அமுக்கிட்டேன், பச்சை வந்துடுச்சு, பயப்படாதன்னாரு. லைன் கட்டாயிடுச்சு. ஆளுங்க கெளம்பிட்டாங்களா?"

"கெளம்பிட்டாங்கக்கா. வீட்டுக்குப் போங்க."

நிம்மதியாகப் போனார். பிழையில் சிக்கிய செய்தி சர்வரிலேயே நிற்கும், சரிசெய்தால் தானாகக் கிளம்பிவிடும். அதனால் சரிசெய்ய உட்கார்ந்தேன். பொறுமை வேண்டிய வேலை, உங்களுக்குப் புரியாது. என் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே பக்கிரி வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட்டிருந்தால் மறுபடியும் சிரித்திருப்பார்கள். கூப்பிடவில்லை.

பொழுது சாயும்போது சரிசெய்து முடித்தேன், எல்லார் போனிலும் மணி அடித்தது. போனார்கள். கவிழ்ந்த படகு கிடைத்தது. மாயவன் மறுநாள்தான் கரை ஒதுங்கினார்.

அவர் செத்தது என்னால்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள் ஐயா: அவர் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்தது. என் ஆப் வேலை செய்கிறது.