வெங்காயப் பையோடு ஓர் எக்ஸ்ரே

பெரம்பலூரில் பஸ் கிளம்பியதும் கண்ணை மூடினேன். முன்சீட்டுக்காரர் தன் மனைவியிடம் கேட்ட கேள்வியில் தூக்கம் போய்விட்டது.

“எக்ஸ்ரே ரூமுக்குள்ள வெங்காயப் பை ரெண்டையும் எதுக்குடி எங்கிட்டருந்து வாங்கிட்டுப் போன?”

“என் தோளு ரெண்டும் கழுத்தெலும்பை மறைக்குதாம். எறக்கும்மா, எறக்கும்மாங்கறாரு படம் எடுக்கறவரு. எனக்குப் பயத்துல இன்னும் மேலதான் ஏறுது.”

“அதுக்கு வெங்காயமா?”

“ரெண்டு கையிலயும் கனமாப் புடிச்சா தோளு தன்னால எறங்குமாம். அவங்க மணல் மூட்டை கிழிஞ்சு போச்சாம். நான்தான், மகளுக்குக் கொண்டுபோற வெங்காயம் வெளிய இருக்குதுங்கன்னேன்.”

“படம் விழுந்துச்சா?”

“அடிக்கழுத்து வரைக்கும் பளிச்சுன்னு விழுந்துச்சு. எலும்புல ஒண்ணும் இல்லையாம். சதைப் புடிப்புதான், கொஞ்ச நாளைக்குக் கனம் தூக்காதன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

அவர் பெருமூச்சு விட்டார். அப்புறம் அரியலூர் வரை இருவரும் வெங்காய விலையைத்தான் பேசினார்கள்.

ஸ்டாண்டில் அவர் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். பின்னாலேயே அந்த அம்மாள் வெறுங்கையை வீசிக்கொண்டு இறங்கினார்.

“ஆங், அப்படித்தாங்க. தோளை எறக்குங்க. நேராப் பாருங்க. மூச்சை அடக்குங்க. மக வூடு வந்ததும் சொல்றேன், அப்பறம் விடலாம்.”