நான்கு நாள் நிற்காத பாட்டு

பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் சரி என்று எல்லோரிடமும் சொல்வேன், மேடம். தியாகதுருகத்தில் என் ஜெராக்ஸ் கடையில் இருப்பது பன்னிரண்டு வருடத்துக் கம்ப்யூட்டர். இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை. பாட்டு போடும் சாஃப்ட்வேர்தான் தகராறு செய்யும்.

முதலில் வைத்திருந்தது, பாட்டு ஆயிரத்தைத் தாண்டியதும் அப்படியே உறைந்து நின்றுவிடும். அடுத்தது பரவாயில்லை. ஆனால் ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு விநாடி சும்மா இருக்கும். அந்த இரண்டு விநாடியும் நான் சத்தமாக இருமிக்கொண்டிருப்பேன். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. நடுவில் ஒற்றைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் ஷாலினி இருந்தாள்.

ஷாலினி என் மனைவி. கல்யாணமாகி ஒன்பதாவது மாதம், "நான் களமருதூருக்கு எங்க அம்மா வீட்டுக்கே போறேன், இனிமே வரமாட்டேன்" என்று பையை எடுத்தாள். கோபம் ஆறட்டும் என்று அறையைப் பூட்டினேன். உள்ளேயே பாத்ரூம் உண்டு. கதவின் அடியில் தட்டு நுழையும் அளவுக்கு வெட்டிவிட்டேன். அவள் அம்மா போன் செய்தால், "தூங்குறா அத்தை" என்பேன். உள்ளே ஷாலினி சத்தம் போடுவாள். அதனால்தான் பாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து டீக்கடை தங்கமணி அக்கா வந்தார்.

"இன்னா சுபாசு, எந்நேரமும் பாட்டு பாடிக்கினே கீது? காது வலிக்கல?"

நான் பதில் சொல்வதற்குள் பாட்டு முடிந்தது. சுவரிலிருந்து "அக்கா" என்று கேட்டது.

"யாரு அது?"

"டிவிதான்க்கா."

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அவர் போய்விட்டார்.

அன்றைக்கே சரிசெய்தேன். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்தது மேலேறி வரும். பிளேயர் நின்றால் அந்தக் கணமே இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நானும் கடையிலேயே, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை தட்டைத் தள்ளும்போது அவள் குரல் தரையோடு வந்தது. "கதவத் தொறங்க. உடம்பு நெருப்பா கொதிக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்பார், டாக்டர் கேட்பார், இவள் எதையாவது சொல்லிவைப்பாள். காய்ச்சல் மாத்திரையைச் சோற்றோடு வைத்தேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

புதன்கிழமை தட்டு அப்படியே இருந்தது. கோபம் போலும் என்று நினைத்தேன். வியாழனும் அப்படியே. புதுச் சோறு வைத்தேன்.

நான்கு நாள் ஒரு தடவைகூடப் பாட்டு நிற்கவில்லை, மேடம். அந்த நான்கு நாள்தான் எனக்குப் பயமில்லாமல் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை மதியம் ஏதோ அப்டேட் வந்தது. திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்பீக்கரில் சத்தமில்லை. கடையில் மூன்று பேர் நின்றார்கள். இப்போது கூப்பிடுவாள், இதோ கூப்பிடுவாள் என்று சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. அப்படியொரு பயம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை.

அவர்களை அனுப்பிவிட்டுப் பூட்டைத் திறந்தேன். கதவு முழுதாகத் திறக்கவில்லை. கதவை ஒட்டியே கிடந்தாள். தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

வியாழன் விடியும் முன்பே உயிர் போய்விட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். பூட்டியது நான்தான், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் ஓடிப்போய்த் திறந்திருப்பேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, மேடம்.