வரி ஆபீஸ் அம்மா கேட்ட கேள்வி

— திரும்பச் சொல்லுங்க. வரி ஆபீஸ்ல உங்களை இன்னா கேட்டாங்க?

— என் உசுரு எந்த ஊர்ல இருக்குதுன்னு கேட்டாங்க, குழலி.

— இன்னாங்க, வெளையாடாதீங்க. லஞ்ச் பெல் அடிச்சி இப்பதான் ஷூ ஃபேக்டரி லைன்ல இருந்து வெளிய வர்றேன். பொங்கலுக்கு வந்து சண்டை போட்டுட்டுப் போனவரு இன்னைக்குத்தான் ஃபோன் பண்றீங்க. எடுத்ததும் இதா?

— அதாவது, பாரேன். நான் உக்காந்து வேலை செய்யறது போர்ச்சுகல்ல. சம்பளம் சென்னைக் கம்பெனில இருந்து வருது. போன வருஷம் பாதி ஆம்பூர்ல இருந்தேன், பாதி இங்க. அதனால இந்தியாவும் நம்ம ஆளுங்குது, இவங்களும் நம்ம ஆளுங்கறாங்க.

— ரெண்டு நாடா? உங்களுக்கா?

— எனக்குத்தான். இந்த மாதிரி ஆளுக்கு வரி எந்தப் பக்கம்னு தீர்க்க, ரெண்டு சர்க்காரும் என்னிக்கோ பேசி ஒப்பந்தம் போட்டிருக்காங்க. முதல்ல வீடு எங்கன்னு பார்ப்பாங்க. எனக்கு இங்க வாடகை வீடு, அங்க நம்ம வீடு. ரெண்டும் இருக்குது. அப்பதான் அந்த ஆபீஸ்ல இருந்த வெள்ளை முடி அம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு, 'மிஸ்டர் மதியழகன், உங்க வாழ்க்கை எங்க இருக்குது? உங்களுக்கு வேண்டியவங்க எந்த ஊர்ல இருக்காங்க?'ன்னாங்க.

— அது சட்டத்துலயே இருக்குதா?

— இருக்குது. நம்பாம, வீட்டுக்கு வந்து நானே படிச்சிப் பார்த்தேன்.

— யப்பா. ரெண்டு தேசம் உக்காந்து நம்ம வீட்டுச் சங்கதியைப் பேசி வெச்சிருக்குது. நீங்க ப்ளேன் ஏறினதுல இருந்து எனக்குக் கேக்க வாய் வரல. யாரோ ஒரு வரி ஆபீஸ் அம்மா கேட்டுட்டாங்க. நீங்க இன்னா சொன்னீங்க?

— ஆம்பூர்னேன்.

— ஆம்பூர்னா வரி கம்மியா?

— கம்மிதான்.

— அதானே பார்த்தேன்.

— கேளு குழலி. ஆம்பூர்னு எழுதிட்டா, விசாவை நீட்டிக்கச் சொல்லிப் போறப்ப 'அப்ப இங்க உனக்கு இன்னா வேலை?'ன்னு கேப்பாங்க. வரி ஜாஸ்தியானாலும் பரவால்ல, இந்த ஊர்னே சொல்லுங்கன்னு வக்கீல் படிச்சிப் படிச்சிச் சொன்னாரு. சூப்பர்வைசர் வேலையை விட்டுட்டு வரமாட்டேன்னு நீ சொன்னப்ப, இந்த ஊருக்காகத்தான் உன்னோட அவ்ளோ சண்டை போட்டேன். ஆனா அந்தம்மா கேட்டதும் வாய் தானா ஆம்பூர்ன்னுடுச்சி. எனக்கே தூக்கி வாரிப் போட்டுது.

— அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க?

— அவங்க உடனே எழுதிக்கல. பேனாவை மூடிட்டு, 'உங்க வீட்டம்மாவும் இதையே சொல்வாங்களா? கேட்டுட்டு வாங்க'ன்னாங்க. இங்க இப்பதான் விடியுது. ஆபீஸ் திறந்ததும் போய்ச் சொல்லணும். நான் இன்னான்னு சொல்லட்டும்?

— இல்லன்னு சொல்லுங்க.

— சரி. உன்மேல தப்பில்ல. நான் விட்டுட்டு வந்தவன்தானே.

— முழுசாக் கேளுங்க. ஆம்பூர் இல்லன்னு சொல்லுங்க. போன வாரம் போலீஸ்காரரு வீட்டுக்கு வந்து விசாரிச்சிட்டுப் போய்ட்டாரு, நேத்து எனக்குப் பாஸ்போர்ட் வந்துடுச்சி.