வியாழக்கிழமைத் திருத்தம்

என் மேசையில் டீ கப்புக்குக்கூட ஓர் இடம் உண்டு. அதை யாராவது நகர்த்திவிட்டால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. நான் அப்படிப்பட்ட ஆள், சார். இது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

மருத்துவமனையின் டேட்டாபேஸ் என் கைக்கு வந்தபோது குப்பைமேடாகக் கிடந்தது. ஒரே நோயாளி மூன்று இடத்தில் இருப்பார். தப்பு வந்தால் ஆளாளுக்கு உள்ளே புகுந்து கையாலேயே மாற்றுவார்கள். யார் மாற்றியது, எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மென்பொருள் எழுதுகிறவர்களின் ஒழுங்கை அங்கே கொண்டுவந்தவன் நான். ஓர் ஆளுக்கு ஒரே பதிவு. எந்த மாற்றமும் முதலில் எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டு, வியாழக்கிழமை மட்டுமே கணினியில் ஏறும். நேரடியாக உள்ளே போகும் கடவுச்சொல்லை, நாங்கள் சாவி என்போம், எல்லோரிடமிருந்தும் பிடுங்கினேன். அவசரத்துக்கென்று ஒன்று மட்டும் என்னிடம் இருந்தது. அதைத் தொட்டால் மறுநொடியே என் பெயரோடு நாற்பது பேருக்குத் தகவல் போகும். அந்த ஏற்பாடும் என்னுடையதுதான்.

என்னோடு வேலை பார்த்தவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்திருந்தேன். கையால் திருத்துவதில் கெட்டிக்காரி. ஒரு கூட்டத்தில் அவளை எழுப்பி நிற்கவைத்து, "இனிமே இங்க ஒட்டுப்போடற வேலையே கிடையாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழந்தைகள் வார்டு நர்ஸ் போன் செய்தார்.

"சார், ரெட்டைப் பிள்ளைங்க. சின்னவளுக்குப் பெனிசிலின் ஆகாதுன்னு முன்னாடியே எழுதியிருந்தோம். இப்ப ஸ்கிரீன்ல காணோம். புதுசா போட்டா, இந்த ஆள் ஏற்கெனவே இருக்குன்னு தள்ளிவிடுது."

பார்த்தேன். பிறந்தபோது இன்னும் பெயர் வைக்காததால் இருவரையும் 'பெண் குழந்தை' என்றே பதிந்திருந்தார்கள். ஒரே தாய், ஒரே பிறந்த நாள், ஒரே போன் எண். ஓர் ஆளுக்கு ஒரே பதிவு என்ற என் விதி இருவரையும் ஒருத்தியாக்கி, பெரியவளை வைத்துக்கொண்டு சின்னவளை அழித்திருந்தது.

"ரெண்டு நிமிஷ வேலைப்பா" என்றாள் அவசரக்குடுக்கை. "சாவியக் குடு, நான் போடறேன். பழி என் மேலயே இருக்கட்டும்."

இந்த விசாரணை அறையைவிட அன்று என் நாற்காலி நெருக்கமாக இருந்தது. சாவியைத் தொட்டால் நாற்பது பேரும் பார்ப்பார்கள். அவள் வாய்விட்டுச் சிரிக்கக்கூட வேண்டாம், சும்மா நின்றாலே என் மானம் போய்விடும். "வியாழக்கிழமை" என்றேன்.

நர்ஸிடமும் அதையே சொன்னேன். "அதுவரைக்கும் நாங்களே ஞாபகம் வெச்சுக்கணுமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை வார்டில் வேறு நர்ஸ். திரையைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. சின்னவளுக்குப் பெனிசிலின் ஊசி போட்டார். திரையில் இருப்பதை மட்டும் நம்புங்கள் என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது நான்தான். பிள்ளை கால்மணி நேரம் போராடி இறந்ததாம். ஒன்றரை வயது.

மறுநாள் திருத்தம் ஏறியது. அத்தனை சோதனையும் தேறியது. இனி எந்த இரட்டைக்கும் இப்படி நேராது.

ஆக, தெரிந்தேதான் விட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைமேல் எனக்கென்ன பகை? ஆள் பார்த்துத் திறந்தால் அதற்குப் பெயர் விதியா?

என் மகளாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்கிறீர்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா, சார். சாவியை எடுத்திருப்பேன்.