கோர்ட்டில் சொன்ன பேர்

கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி விரித்த பேப்பரில், உலக நாடுகளின் சபையில் நம் நாட்டுக்காகப் பேசும் அம்மாளின் படம். பக்கத்திலிருந்த மீன்காரி எட்டிப் பார்த்தாள்.

"இந்தம்மாதான் என்னை எம் புருசன் பேரைச் சொல்ல வச்சுது."

"இன்னாக்கா சொல்ற?"

"அப்ப இது வக்கீலு. எலெக்ஷன்ல ஜெயிச்சு மந்திரி ஆனதெல்லாம் அப்பறம். கம்பெனில பாய்லர் வெடிச்சு எம் புருசன் செத்துட்டாரு. நஷ்டஈடு கேசுல எனக்காக இதுதான் வாதாடுச்சு. கோர்ட்டுல அவரு பேரைக் கேட்டாங்கோ. பொம்பள எப்டி புருசன் பேரைச் சொல்றது? நீயே சொல்லும்மான்னு கெஞ்சினேன். 'உன் ஊட்டுக்காரரு, நீதான் சொல்லணும்'னு நின்னுச்சு. ஜட்ஜையும் காக்க வச்சுது."

"சொன்னியா?"

"சொன்னேன். உசுரோட இருந்தப்ப ஒரு வாட்டிகூடக் கூப்டதில்ல."

பேப்பரை விரித்தவள் அதை மெல்ல மடித்தாள்.

"அவரு பேரு இன்னாக்கா?"

"ஏகாம்பரம்" என்றாள், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.